குடும்ப ஞாபகமும் அச்சிட்ட படமும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் திருவள்ளூரில் நிகழ்த்திய பிரசங்கம்)



திருவள்ளூர், பொன்னேரி, ஊத்துக்கோட்டை, கவரைப்பேட்டை முதலிய ஊர்களிலிருந்தும், ஆலையில் ஒரு நாள் விடுப்புப் பெற்றுக் கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியிலிருந்தும் திரளாக வந்து கூடியிருக்கும் உங்கள் முன்னிலையில் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். கல்வி, விவாகம், தொழில், ஒற்றுமை என்னும் பெரிய விஷயங்களைக் குறித்து இம்மேடையிலே அறிஞர் பலர் பேசியிருக்கின்றனர். யாம் இன்று எடுத்துக்கொண்டதோ ஒரு சிறு விஷயம். நமது செல்போன்களில் அடைபட்டுக் கிடக்கும் குடும்பப் படங்களைக் காகிதத்தில் அச்சிட்டுச் சந்ததியார்க்கு வைத்துப் போக வேண்டும் என்பதே அது. சிறிதென்று தோன்றினும் இதனை அலட்சியம் செய்வதால் விளையும் நஷ்டமோ பின்னர் எவராலும் ஈடு செய்யக் கூடியதன்று. ஆதலின் சற்றுப் பொறுமையோடு கேட்குமாறு வேண்டிக்கொள்ளுகிறோம்.

முன்னோர் ஞாபகத்தைக் காத்தல் நமக்குப் புதிய காரியமன்று. நமது ஜில்லாவிலேயே அதற்குச் சான்று உண்டு. திருவாலங்காட்டில் 1905-ஆம் ஆண்டில் ஒரு செப்பேட்டுத் தொகுதி கிடைத்தது. 31 ஏடுகள்; அவற்றைக் கோத்த வளையம்; வளையத்தின்மேல் சோழர் முத்திரை. முதலாம் இராஜேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுச் சிவபெருமான் கோயிலுக்கு அளித்த சாசனம் அது. அளித்தது ஓர் ஊரை. ஆனால் அதனைச் சொல்லப் புகுந்தவர்கள் முதலில் சோழர் குலமுறை முழுவதையும், தந்தை பெயர், பாட்டன் பெயர், அவரவர் செய்த காரியம் என்று வரிசையாக எழுதி வைத்தனர். எழுதி ஆயிரம் ஆண்டுகள் ஆயின. அரண்மனை போயிற்று, சேனை போயிற்று, செப்பேடு மட்டும் இருக்கிறது. காரணம் யாது? எழுதியவர்கள் தாங்கள் வாழும் காலத்திற்கு மட்டும் எழுதவில்லை. மண்ணிலே புதைந்தாலும் அழியாத பொருளைத் தேர்ந்தெடுத்து எழுதினர்.

பழவேற்காட்டுக்குச் சென்றவர்கள் அங்குள்ள டச்சுக்காரர் கல்லறைகளைப் பார்த்திருப்பீர்கள். கடல் கடந்து வாணிகம் செய்ய வந்து, 1613-இல் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டி, இம்மண்ணிலேயே இறந்தவர்கள் அவர்கள். கோட்டை இன்று இடிபாடாய்க் கிடக்கிறது. ஆயினும் கல்லறைகளின்மேல் வெட்டிய பெயரும் ஆண்டும் இன்றும் படிக்கக்கூடியனவாய் நிற்கின்றன. அந்நிய தேசத்தில் இறந்தாரின் பெயர் நானூறு ஆண்டுகளாக நிலைத்திருக்க, சொந்த ஊரில் வாழ்ந்து மறைந்த நமது கொள்ளுப் பாட்டியாரின் பெயரைச் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்? அவரவரே தம் மனத்தைக் கேட்டுக்கொள்ளும்படி விட்டுவிடுகிறோம்.

நிற்க. அரசர்க்குச் செப்பேடும், செல்வர்க்குக் கல்வெட்டும் வாய்த்தன. குடியானவனுக்கும், தறிகாரனுக்கும், கூலிக்காரனுக்கும் முகத்தையே எழுதிக் காட்டும் சாதனமாக வந்தது புகைப்படம். 1839-இல் பாரிஸ் மாநகரில் அது உலகுக்கு வெளியிடப்பெற்றது. இருபது ஆண்டுகள் செல்லுமுன் லினேயஸ் டிரைப் என்னும் இராணுவ உத்தியோகஸ்தர் சென்னை அரசாங்கத்தின் பொருட்டு ஸ்ரீரங்கம், தஞ்சை, மதுரை முதலிய இடங்களைப் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 1858-இல் பகுதி பகுதியாகப் பிடித்து, ஒன்றோடொன்று இணைத்து, சுமார் 19 அடி நீளத்திற்கு அவர் அமைத்த காகிதப் படம் இன்றும் உள்ளது. காகிதம் எளிதில் கெடும் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். முறையாகக் கழுவி, முறையாக உலர்த்தி, முறையாக வைத்த காகிதப் படம் நூற்றறுபது ஆண்டுகளைக் கடந்து வந்திருக்கிறது.

பின்னர்ச் சிற்றூர்களிலும் ஸ்டூடியோக்கள் தோன்றின. திரைச்சீலையில் மாளிகையும் மலையும் எழுதி, அதன் முன் நாற்காலியிட்டு, தாத்தாவை உட்கார்த்தி, பாட்டியைப் பக்கத்தில் நிறுத்தி, பேரக் குழந்தைகளைத் தரையில் இருத்திப் பிடித்த படங்கள் நம் வீட்டுக் கூடங்களிலே தொங்கின. விவாகத்துக்கு ஒன்று, வளைகாப்புக்கு ஒன்று, காது குத்துக்கு ஒன்று என ஆயுளில் பத்துப் படம் எடுத்தவர் பாக்கியவான். எடுத்தது பத்தாயினும் பத்தும் மிஞ்சின. இன்றோ ஒரு காது குத்துக்கே ஐந்நூறு படம் எடுக்கிறோம். பத்தாண்டு கழித்துக் கேட்டால் ஒன்றும் அகப்படுவதில்லை. இந்த விபரீதத்தின் காரணத்தை ஆராய்வோம்.

முதற் காரணம், கருவியின் நிலையாமை. செல்போன் மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்றப்படுகிறது. தொலைகிறது, நீரில் விழுகிறது, திருடு போகிறது. ஹார்டு டிஸ்க் என்னும் பெட்டியும் சுழலும் இயந்திரமே. என்றாவது ஒரு நாள் நிற்பது அதன் இயல்பு. பிளாப்பியில் வைத்ததை இன்று திறக்கும் கருவி நம்மில் எவர் வீட்டில் உள்ளது? விவாக ஸி.டி.யைப் பீரோவில் பத்திரமாய் வைத்திருக்கும் தம்பதிகள் பலர். அதனைப் போட்டுப் பார்க்கும் பெட்டி வீட்டில் இல்லை.

இரண்டாவது காரணம், அந்நிய நிலையங்களை நம்புதல். ஆர்க்குட் என்னும் தளத்தில் நம் வாலிபர்கள் எத்தனையோ படங்களை ஏற்றி வைத்தனர். 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி அது மூடப்பட்டது. கூகுள் போட்டோஸ் அளவின்றி இலவசமாய் இடங்கொடுத்து வந்தது. 2021 ஜூன் முதல் அந்தச் சலுகை நின்றது. இரண்டாண்டுகள் திறவாது கிடக்கும் தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்னும் விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. இவற்றை யாம் குறையாகச் சொல்லவில்லை. பிறர் நிலத்தில் நெல்லைக் கொட்டி வைப்பவன் நிலக்காரன் விதிக்குக் கட்டுப்பட்டவனே. கொட்டி வைத்தவன் இறந்துபோனால் அந்நெல்லை அவன் மக்கள் எடுக்க வழியுண்டா என்பதே கேள்வி.

மூன்றாவது காரணம் இதனினும் கொடிது, அது பூட்டு. எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைச் சொல்லுகிறோம். குடும்பத் தலைவர் ஓர் ஆலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். மக்கள் இருவரையும் படிக்க வைத்தவர். எல்லோரையும் படம் பிடிப்பவர் அவரே ஆதலின், தாம் இருக்கும் படம் எடுத்துக்கொள்ளாதவர். திடீரென மாரடைப்பால் காலமானார். செல்போனுக்கு அவர் விரல் ரேகையே சாவி. இரகசிய எண் மனைவிக்குத் தெரியாது. பிழையான எண்ணை மேலும் மேலும் அழுத்திப் பார்த்ததில் போன் அடியோடு பூட்டிக்கொண்டது. ரீசார்ஜ் செய்யாது விட்ட சிம் எண்ணும் சில மாதங்களில் கைவிட்டுப் போயிற்று. அந்த எண்ணுக்கு வரும் கடவுச் செய்தியின்றி இணையக் கணக்கையும் திறக்க இயலவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வைக்கப் படம் வேண்டுமே! ஆலையின் நுழைவு அட்டையிலிருந்த அங்குல அளவுப் படத்தைப் பெரிதாக்கி, கோட்டுச் சட்டையை ஒட்டி, மாலையிட்டு வைத்தனர். பேரக் குழந்தை அதனைப் பார்த்து, "இது யார் தாத்தா?" என்று கேட்டதாம். சகோதரர்காள்! தாத்தாவைத் தோளில் ஏறி விளையாடிய குழந்தைக்கே அடையாளம் தெரியாத படம், அதன் குழந்தைக்கு என்ன சொல்லும்?

இது ஒரு வீட்டுக் கதையன்று. ஆதார் அட்டையின் மங்கிய படத்தையும், குடும்ப அட்டையின் படத்தையும் பெரிதாக்கி மாலையிடும் வீடுகள் நம் ஜில்லாவில் பெருகி வருகின்றன. ஆயிரம் படங்களை வைத்திருந்தவர்க்கு இறுதியில் அரசாங்கம் பிடித்த படமே கதியாகிறது.

இனி, நமது பிரதேசத்திற்குச் சிறப்பாக உரிய அபாயம் ஒன்றுண்டு. கொசஸ்தலையாறும் ஆரணியாறும் பாயும் பூமி நம்முடையது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை, காஞ்சிபுரம் ஜில்லாக்களோடு திருவள்ளூர் ஜில்லாவும் பட்ட பாட்டை மறந்தவர் இல்லை. 2016-இல் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று புயல்கள் வந்தன. வெள்ளத்தில் காகிதமும் நனையுமே என்று கேட்பீர்கள். நனையும், ஆனால் காகிதம் மீளும். ஜப்பானில் 2011 மார்ச் 11-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்து ஊர்களை வாரிச் சென்றபின், சேற்றில் சிதறிக் கிடந்த குடும்பப் படங்களை அன்பர்கள் பொறுக்கினர். யமமோட்டோ என்னும் ஓர் ஊரில் மட்டும் சுமார் 7,50,000 படங்கள் சேர்ந்தன. அவற்றை நீரில் மெல்லக் கழுவி, உலர்த்தி, உரியவரைத் தேடிக் கொடுத்தனர். வீடிழந்து, உறவிழந்து நின்றவர்கள் முதலில் தேடிய பொருள்களில் படமும் ஒன்று என்பது நாம் கருதத் தக்கது. கழுவிய படத்தில் முகம் தெரிந்தது. அதே சேற்றில் கிடந்து துருப்பிடித்த போனைக் கழுவினால் முகம் தெரியுமோ?

நமக்கு அண்மையிலேயே மற்றோர் உதாரணமும் உண்டு. இலங்கையில் போர் மூண்ட காலத்தில் கையிலகப்பட்டதைச் சுருட்டிக்கொண்டு கடல் கடந்து வந்த நமது தமிழ்ச் சகோதரர்களின் முகாம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. வீடும் காணியும் விட்டு வந்தவர்க்கு, துணி மூட்டைக்குள் வைத்து வந்த ஒரு விவாகப் படம் எத்தகைய நிதியாகும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. இரகசிய எண்ணும் வேண்டியதில்லை.

அறிஞர் கருத்தும் இதுவே. இணையத்தை அமைத்த முன்னோடிகளில் ஒருவராகிய விண்டன் செர்ஃப் என்பார் 2015 பிப்ரவரியில் அமெரிக்க விஞ்ஞானிகள் கூட்டமொன்றில், எண்ம வடிவில் மட்டும் வைத்தவை பிற்காலத்தாரால் திறக்க இயலாதனவாகி, நம் நூற்றாண்டே இருண்ட காலமாகக்கூடும் என்று எச்சரித்து, மிகவும் வேண்டிய படங்களை அச்சிட்டு வையுங்கள் என்றார். இணையத்தைப் படைத்தவருள் ஒருவரே காகிதத்தை நாடச் சொல்லும்போது, அதனைப் பயன்படுத்தும் நாம் தயங்குவானேன்?

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் பொருளுதவி பெற்று, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிரதி செய்யும் பணியை மேற்கொண்டனர். 1880 முதல் ஒரு நூற்றாண்டுக் காலத்துப் படங்களே அவர்கள் நோக்கம். பிரபுக்கள் படம் மட்டுமன்று. நம்மைப் போன்ற எளிய குடும்பத்தாரின் படங்களையும் வரலாற்றுப் பொருளாக மதித்தனர். இதில் ஒரு நுட்பம் உண்டு. அவர்கள் இன்று கணினியில் ஏற்றிக் காப்பது, கண்ணாடியிலும் காகிதத்திலும் நூறாண்டு தங்கியிருந்ததால் அன்றோ கைக்கு வந்தது? காகிதம் தங்கிற்று, கணினி அதனைப் பெருக்கிற்று. ஆகவே இரண்டும் பகையல்ல. ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள். ஒற்றை மாட்டை நம்பி வண்டி ஓட்டாதீர்கள் என்பதே எமது விண்ணப்பம்.

இனிச் செய்ய வேண்டிய முறையைச் சுருங்கச் சொல்லுகிறோம்.

முதலாவது தேர்தல். எல்லாவற்றையும் அச்சிடப் புகுந்தால் ஒன்றும் நடவாது. ஆண்டொன்றுக்கு 24 படங்கள் போதும். தைப் பொங்கலன்று குடும்பத்தார் கூடியமர்ந்து சென்ற ஆண்டின் படங்களிலிருந்து பொறுக்கலாம். இருபத்தைந்து ஆண்டுகளில் 600 படங்கள். மூன்று ஆல்பங்களுக்குள் ஒரு தலைமுறையே அடங்கிவிடும். சிங்காரித்து நின்ற படங்களை மட்டும் தேர்ந்தெடாதீர்கள். அம்மா அடுப்படியில் நிற்பது, அப்பா ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருவது, இடிப்பதற்கு முன் பழைய ஓட்டு வீடு, விற்பதற்கு முன் நிலம், இவையே பின்னாளில் பொன்னாகும்.

இரண்டாவது அச்சு. வாட்ஸ்அப்பில் வந்த படம் அளவு குறுகியது. ஆதலின் எடுத்தவரிடமிருந்து மூலப் படத்தையே கேட்டு வாங்குக. அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது நல்ல அச்சின் கணக்கு; 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200-க்கு 1800 புள்ளி வேண்டும். ஸ்டூடியோ லேபில் உண்மையான போட்டோத் தாளில் எடுப்பதே உத்தமம். வீட்டு அச்சு இயந்திரமாயின், சாயமையினும் பிக்மெண்ட் மை நெடுநாள் நிற்கும். நல்ல படத்தைச் சூட்டு லாமினேஷன் செய்யாதீர்கள். ஒட்டியது பின் உரியாது.

மூன்றாவது பாதுகாப்பு. வெயிலும் ஈரமும் படத்தின் பகைவர். வெளிச்சுவரிலும், சமையலறைக்கு அருகிலும், பரணிலும் வைத்தல் கூடாது. பசை தடவிய பக்கமுள்ள ஆல்பம் படத்தைப் பற்றிக் கெடுக்கும். மூலைகளைச் செருகும் ஆல்பம் நன்று. ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டியில் இடுக. மழைக்காலம் கழிந்ததும் திறந்து காற்றாட விடுக. கரையானும் வெள்ளிப் பூச்சியும் திறவாத பெட்டியையே நாடும். லேபில் எடுத்த படங்கள் வெள்ளத்தில் நனைந்து ஒட்டிக்கொண்டால் பலவந்தமாகப் பிரிக்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, மெல்லப் பிரித்து, முகம் மேல்நோக்க நிழலில் உலர்த்துக.

நான்காவது, எல்லாவற்றினும் முக்கியமானது, எழுதுதல். பெயரில்லாத படம் அநாதை. பின்புறத்தில் மெல்லிய பென்சிலாலோ, படத்துக்கென விற்கும் பேனாவாலோ அழுத்தாமல் எழுதுக. இயலாதேல் தனித் தாளில் எழுதி உடன் வைக்க. இடமிருந்து வலமாக யார் யார், என்ன முறை, எந்த ஊர், எந்த நாள், என்ன விசேஷம் என்னும் ஐந்தும் வேண்டும்.

இவ்விடத்தில் தாய்மார் பொருட்டு ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். நமது குலமுறைப் பட்டிகளிலே ஆடவர் பெயர் ஏழு தலைமுறைக்குக் காணப்படுகிறது. பெண்மக்களோ "இன்னார் மனைவி", "இன்னார் தாயார்" என்ற அளவில் நின்றுவிடுகின்றனர். பிறந்த வீட்டுப் பட்டியில் மணமாகிச் சென்றபின் பெயரில்லை. புகுந்த வீட்டுப் பட்டியில் பெயர் எழுதவேயில்லை. பாதி மக்களை மறந்துவிட்டு நாம் எழுதுவதைக் குல வரலாறு என்று சொல்ல நாணவேண்டும். படத்தின் பின்னே பாட்டியாரின் சொந்தப் பெயரையும், அவர் பிறந்த ஊரையும், பெற்றோர் பெயரையும் எழுதுங்கள். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கும்போதே பழைய படத்தைக் காட்டிக் கேளுங்கள். அவரோடு போகும் பெயர்களை எந்தக் கூகுளும் மீட்டுத் தராது.

சில ஆக்ஷேபங்களுக்குச் சமாதானம் கூறி முடிப்போம். செலவு ஆகுமே என்பர். 24 படத்தின் செலவு ஒரு குடும்பம் ஒரு நாள் ஓட்டலில் உண்ணும் செலவுக்கு மேற்படாது. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று முதியோர் சிலர் அஞ்சுவர். அவர்களை நிர்ப்பந்திக்க வேண்டாம். பேரப் பிள்ளையோடு சிரித்துப் பேசும் வேளையில் அவர் சம்மதத்தோடு எடுத்துக்கொள்ளலாம். காகிதமும் அழியுமே என்பர். மெய்; ஆதலாலேயே ஒரு படத்துக்கு இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறூரிலுள்ள உடன்பிறந்தார் வீட்டில் வைக்கச் சொல்லுகிறோம். காகிதம் மங்குவது கண்ணுக்குத் தெரியும். விழித்துக்கொண்டு மறுபிரதி எடுக்கலாம். கருவியோ நேற்று வரை இருந்து இன்று காலை ஒரே அடியாய்ப் போகிறது. இது சாதிப் பெருமை பேசும் வழியாகாதோ என்று கேட்கும் வாலிபரும் உண்டு. அவர்கள் கேள்வி நியாயமானதே. பிறரைத் தாழ்த்துவதற்காக முன்னோரை நினைப்பது நினைவன்று, இறுமாப்பு. நம்மைப் பெற்றவர் எத்தனை கஷ்டப்பட்டு நம்மை இந்நிலைக்குக் கொணர்ந்தனர் என்று அறிந்து அடக்கம் கொள்வதற்கே இக்காரியம்.

ஆகவே சங்கத்தாரும் அங்கத்தினரும் நான்கு தீர்மானங்களை ஏற்றுக்கொள்ளுமாறு பணிந்து கேட்கிறோம்.

1. ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுதோறும் தைத் திங்களில் 24 படங்களைத் தேர்ந்து இரண்டு பிரதி அச்சிடுதல்.

2. வீட்டிலுள்ள பழைய படங்களைச் சங்கக் கட்டடத்தில் ஆண்டுக்கொருமுறை கணினியில் பிரதி செய்துகொடுத்து, மூலத்தை அன்றே உரியவரிடம் திருப்பித் தருதல்.

3. குலமுறைப் பட்டிகளில் பெண்மக்களின் பெயரையும் பிறந்த ஊரையும் தவறாது சேர்த்தல்.

4. செல்போனின் இரகசிய எண்ணை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கொடுத்து வைத்தல்.

திருவாலங்காட்டுச் செப்பேட்டை வெட்டியவர்களுக்கு நாம் யாரென்று தெரியாது. ஆயினும் நமக்காக வெட்டினார்கள். நமக்குப் பின் வருவோர் யாவரென்று நமக்கும் தெரியாது. அவர்கள் ஒரு நாள் பெட்டியைத் திறந்து, ஒரு படத்தை எடுத்துத் திருப்பி, பின்னே எழுதிய பெயரை உரக்கப் படிக்கும்படி நாம் இன்று செய்து வைப்போமாக. நம் குடும்பங்கள் நீடூழி வாழ்க!